உறை பிரிக்காத கம்பளி

லண்டன் பிளேஸ்டோவில் ஒரு தேவாலய மண்டபத்தின் பின்னறையில் புதன்கிழமைகளில் கூடித் தைத்த பெண்கள் தங்களைக் கிளப் என்று சொல்லிக்கொண்டார்கள். குவில்ட் கிளப். பழைய துணிகளைச் சதுரங்களாக வெட்டிப் பொருத்தி, நடுவில் பஞ்சு விரித்து, அடியில் இன்னொரு துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்துத் தைத்தால் குவில்ட். அது விற்பனைக்கில்லை. சுற்றுவட்டாரத்தில் வீடிழந்து விடுதிகளில் கிடப்பவர்களுக்கும், கைப்பிள்ளையோடு புருஷனை விட்டு வந்தவர்களுக்கும், புதிதாய் வந்திறங்கிய அகதிகளுக்கும் சும்மா கொடுப்பதற்கு.

கிளப்பை நடத்தியவள் டோரீன் என்ற ஆங்கிலக் கிழவி. அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். குவில்ட்டை மடித்துப் பையில் போட்டு அனுப்பிவிடக் கூடாது. வாங்குபவரை மண்டபத்துக்கு அழைத்து, தேநீர் கொடுத்து, எல்லோர் முன்னாலும் விரித்துக் காட்ட வேண்டும். தைத்தவள் எழுந்து நின்று, எந்தத் துண்டு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். கடைப் போர்வைக்கு விலைச்சீட்டு, நம்முடையதற்குக் கதை என்பாள் டோரீன்.

சிவகௌரிக்கு இந்த வழக்கம் பிடித்ததே இல்லை. தன் பழைய உடுப்புகளின் வரலாற்றை முன்பின் தெரியாதவர்களிடம் ஒப்புவிப்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. 1995 அக்டோபரில் ஒரு புதன்கிழமை வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

"உன் மொழிக்காரி ஒருத்தி" என்றாள் டோரீன், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. "ரோம்ஃபோர்ட் சாலையில் ஒரு விடுதி அறையில் இருக்கிறாள். இல்ஃபோர்டில் சொந்த வீடு இருந்ததாம். மகனுடைய வியாபாரத்துக்கு ஈடு வைத்து, போய்விட்டது. அறை நல்ல குளிராம். ஆங்கிலம் அவ்வளவாக வராது. நீ போய் என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டு வருவாயா? மிஸஸ் ஆனந்தராஜா. முதல் பெயர் கனகா... மிச்சம் என் வாயில் நுழையாது."

"கனகாம்பிகை" என்றாள் சிவகௌரி.

"தெரிந்தவளா?"

"இல்லை. எங்கள் ஊரில் பலருக்கு உள்ள பெயர்தான்."

இந்தப் பெயரைத் தயாரில்லாத நேரத்தில் கேட்டால் தையல் கோணிவிடும் என்றுதான் அவள் எப்போதும் நினைத்திருந்தாள். குனிந்து தைத்த வரியைப் பார்த்தாள். ஒரு தையல்கூடப் பிசகியிருக்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. தனக்குள் இவ்வளவு பொறுமையாக ஒன்று காத்திருந்தது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

கனகாம்பிகை அவள் கணவன் குலசேகரத்தின் மூத்த சகோதரி, அவளுக்கு மச்சாள். குலசேகரம் முந்திய குளிர்காலத்திலேயே லண்டன் வந்து அக்கா வீட்டில் தங்கியிருந்தான். எண்பத்தாறு ஐப்பசியில் கைப்பிள்ளையோடு வந்திறங்கிய சிவகௌரியையும் அங்கேயே கூட்டிப்போனான். பின்பக்கத்துச் சின்ன அறை. அதில் இருந்த ஹீட்டருக்கு உயிரில்லை. தை மாதம் பனி கொட்டி, குழாய்களெல்லாம் உறைந்து, ரயில்கள் நின்றுபோன வாரத்தில், குலசேகரம் பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்டுக்குப் போன பிறகு, சிவகௌரி மச்சாளிடம் போய் இன்னுமொரு போர்வை கேட்டாள்.

"இருக்கிறது இவ்வளவுதான் பிள்ளை" என்று சொல்லி மச்சாள் ஒரு படுக்கை விரிப்பைத் தந்தாள். மெல்லிய பருத்தி விரிப்பு, மஞ்சள் பூப் போட்டது. "நாங்களும் குளிருக்கைதானே கிடக்கிறம்."

குழந்தையைத் தன் சேலைகளிலெல்லாம் சுற்றிக்கொண்டு படுத்தாள். இரண்டு நாள் கழித்து, நாப்கின் உலர்த்த ஒரு இடம் தேடி, மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்த சுவரலுமாரியைத் திறந்தாள். உள்ளே கம்பளிகள். தரையிலிருந்து மேல்தட்டு வரைக்கும் கம்பளிகள். தடித்த பிளாஸ்டிக் உறைக்குள், சிப் இழுத்துப் பூட்டி, வாங்கினபடியே. முன்னால் இருந்தது நீல நிறம். அதில் விரித்த கை அளவுக்கு இளஞ்சிவப்பு ரோஜாக்கள். எல்லாம் மகள் பாமாவின் சீதனத்துக்கு என்று மச்சாள் சேர்த்தவை.

சிவகௌரி கதவைச் சத்தமில்லாமல் மூடினாள். ஒன்றையும் எடுக்கவில்லை. ஒண்டியிருப்பவளுக்கு அடுத்தவர் அலுமாரியில் கை வைக்கத் துணிவு வருமா என்ன. அந்த வாரம் முடியுமுன் குழந்தைக்கு நிமோனியா கண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

பிள்ளை பிழைத்தான். ஆனால் அவன் வீடு திரும்புமுன்பே கதை இல்ஃபோர்டிலிருந்து நகரத்தின் மறுகோடிக் கோயில் வரை போய்ச் சேர்ந்திருந்தது. தாய் பிள்ளையை ஈரத்தோடு படுக்க விட்டுவிட்டாளாம். நித்திரை என்றால் அவளுக்கு உலகம் தெரியாதாம். மச்சாள் பழம் கொண்டு பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றிக்கொடுத்தபடியே சொன்னது அது.

சிவகௌரி கணவனிடம் கம்பளிகளைப் பற்றிச் சொன்னாள். அவன் ஷிப்டுக்குப் புறப்பட்டு, குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். நிமிராமலே கேட்டான்.

"அக்காவின்ர அலுமாரியை நீர் ஏன் திறந்தனீர்?"

அவ்வளவுதான். அன்றைக்கு மூடிய பேச்சு. மச்சாளோ நாலுபேர் முன்னால், "கம்பளியோ? என்ர வீட்டிலயோ?" என்று சிரித்தாள். சிவகௌரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிளேஸ்டோவுக்கு வந்தாள். குலசேகரமும் பின்னாலேயே வந்து சேர்ந்தான். அந்த மஞ்சள் பூ விரிப்பையும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். ஏன் என்று அப்போது தெரியாது. அந்தப் பிள்ளை சுதனுக்கு இப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடப் பையில் மூச்சுக்கான பம்ப் இல்லாமல் வெளியே போக முடியாது. கலியாண வீடுகளில் மச்சாள் அவன் தலையைத் தடவி, "பாவம், சின்னனில தாய் கொஞ்சம் கவனிச்சிருந்தா" என்பாள். ஒவ்வொரு தடவையும், அதே தடவலோடு.

ஒன்பது வருடமாகப் பழி வாங்குவதைப் பற்றி யோசித்தவள், பழி என்றால் தனக்கு என்ன வேண்டும் என்பதையும் யோசித்துத்தான் இருந்தாள். மச்சாள் அழ வேண்டாம். காலில் விழ வேண்டாம். தெருவுக்கு வரவும் வேண்டாம். அது தானாகவே நடந்துவிட்டது, அதில் சிவகௌரிக்கு ஒரு திருப்தியும் கிடைக்கவில்லை. அலுமாரிக்குள் கம்பளி இருந்தது. இந்த ஒரு வசனத்தை மச்சாள் தன் வாயால், ஆட்கள் கேட்க, குலசேகரம் கேட்கச் சொல்ல வேண்டும்.

விடுதி அறைக் கதவைத் திறந்த கனகாம்பிகை கோட்டோடு இருந்தாள். காலில் இரண்டு சோடிக் காலுறை. ஆளைக் கண்டதும் கதவைப் பாதி மூடப் பார்த்தாள்.

"நீயோ? ஆர் உனக்குச் சொன்னது?"

"குவில்ட் கிளப்பிலயிருந்து வாறன் மச்சாள். உங்களுக்கு என்ன கலர் விருப்பம் எண்டு கேக்கச் சொன்னவை."

"தம்பிக்குத் தெரியுமோ நான் இஞ்ச இருக்கிறது?"

"இல்லை. நீங்கள் மில்டன் கீன்ஸில மகனோட இருக்கிறியள் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கிறார்."

"அப்ப சொல்லாதை. வா, கதவைச் சாத்து. குளிர் வருது."

கதவைச் சாத்திய பிறகும் குளிர் உள்ளேதான் இருந்தது. சுவரில் ஈரம் பச்சைப் படமாகப் படர்ந்திருந்தது. ஒரு கட்டில், ஒரு கதிரை, ஒரு அலுமாரி. சிவகௌரி நிமிர்ந்து பார்த்தாள். அலுமாரிக்கு மேலே, கூரையை முட்டிக்கொண்டு, அதே கம்பளிகள். அதே பிளாஸ்டிக் உறைகள், மஞ்சளித்துப்போய், அதே பூட்டிய சிப்களோடு. மேலிருந்து இரண்டாவது, நீலத்தில் ரோஜா.

இந்த மனுஷி வீட்டை விட்டாள், கதிரை மேசைகளை விட்டாள், இவற்றை மட்டும் கட்டித் தூக்கிக்கொண்டு வந்து, இவற்றுக்குக் கீழேயே கோட்டோடு நடுங்கிக்கொண்டிருக்கிறாள். இரக்கம் வரக்கூடிய இடம் இது. வருகிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். வரவில்லை.

"உது என்ன மச்சாள், மேல?"

"அது பாமான்ர."

"பாமா டொரொண்டோவில எல்லோ."

"வந்து எடுப்பாள்."

"டெலிபோன் எடுக்கிறவவே?"

கனகாம்பிகை கோட்டின் பொத்தானைச் சரிபார்த்தாள்.

"குளிருக்குள்ள ஒண்டைப் பிரிச்சுப் போர்க்கலாமே."

"பிரிச்சா பழசாப் போயிடும்" என்றாள் மச்சாள், இது தெரியாதா என்பதுபோல.

அந்த இடத்தில்தான் சிவகௌரிக்கு யோசனை வந்தது. வந்த வேகத்திலேயே முழுசாக வந்தது.

"ஒரு பிரச்சினை இருக்கு மச்சாள். கிளப்பில பஞ்சு முடிஞ்சுபோச்சு. உள்ளுக்கு வைக்க ஒரு கம்பளி இருந்தா உடன தைக்கலாம். இல்லாட்டி பஞ்சு வாறவரைக்கும் பாத்துக்கொண்டு இருக்கோணும். மாசி, பங்குனி ஆகும்."

மண்டபத்து மூலையில் பஞ்சு கட்டுக்கட்டாகக் கிடந்தது.

"பங்குனியோ?" கனகாம்பிகை சுவரைப் பார்த்தாள், பிறகு மேலே பார்த்தாள். "மேல கிடக்கிற பச்சையை எடு."

"நீலத்தைத் தாங்கோ."

மச்சாள் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மறதி இல்லை. எல்லாம் ஞாபகம் இருந்தது.

"எதெண்டாலென்ன" என்றாள் கடைசியில். "கதிரையைப் போட்டு ஏறு."

வீட்டில் அந்த சிப்பை இழுத்தபோது நப்தலின் மணமும் பழைய பிளாஸ்டிக் மணமும் எழுந்தன. கம்பளியைத் தரையில் விரித்து அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். கை வைத்த உடனே சூடு ஏறியது. ஒரே ஒரு இரவுக்கு இது இருந்திருந்தால் என்று நினைக்கப்போய், நினைப்பதை நிறுத்திவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள்.

மேல்துணிக்குச் சுதனின் பழைய ஃபிளனல் உடுப்புகளை வெட்டினாள். ஆஸ்பத்திரியில் அவன் போட்டிருந்த வெள்ளைச் சட்டை நடுச்சதுரம் ஆயிற்று. அவனைச் சுற்றிப் படுத்த சேலைகளில் மிஞ்சியது ஓரங்களுக்குப் போனது. அடித்துணிக்கு அந்த மஞ்சள் பூ விரிப்பு. மச்சாளின் உடம்பில் படப்போவது அது. அதற்கும் மேல்துணிக்கும் நடுவில், பிடித்தால் தடிப்புத் தெரிய, ரோஜாக் கம்பளி. அவள் வேறெந்தக் குவில்ட்டையும் இவ்வளவு அன்பாகத் தைத்ததில்லை. அன்பு என்ற சொல் தப்பு என்று தெரியும். ஆனால் கைக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கிளப்பில் பக்கத்துக் கதிரைக்காரி அஞ்சலீனா, பாஷையூர்க்காரி. அடித்துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னடி கௌரி, மேல பட்டுமாதிரித் தைச்சுப்போட்டு அடியில நாறல் துணியைக் குடுக்கிறாய்?"

சிவகௌரி சொன்னாள். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, ஊசியை நிறுத்தாமல், முழுக்கச் சொன்னாள்.

அஞ்சலீனா கேட்டு முடித்துவிட்டு நூலைப் பல்லால் கடித்தாள். "மாதாவே. நான் எண்டா மரச்சிலாம்பு வைச்சுத் தைச்சிருப்பன், ராவு முழுக்கச் சொறிஞ்சுகொண்டு கிடக்க. நீ என்ன, நல்ல சூடாத் தைச்சுக் குடுக்கிறாய். உனக்கு இதால என்ன கிடைக்கும்?"

"சொல்லோணும்."

"ஆர்?"

"அவதான். அலுமாரிக்குள்ள கம்பளி இருந்ததெண்டு. இவர் கேக்கச் சொல்லோணும்."

"சொல்லிப்போட்டா?"

"அதுக்குப் பிறகு நான் நித்திரை கொள்ளுவன்."

குவில்ட் கொடுக்கும் நாள் மார்கழி முதல் புதன். சிவகௌரி இல்ஃபோர்டுப் பெண்கள் சிலரையும் அழைத்தாள். அன்றைக்குப் பழத்தோடு பார்க்க வந்து கதையைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் முதலாமவளான அருமைநாயகி அக்காவுக்கு இரண்டு தடவை டெலிபோன் எடுத்தாள். குலசேகரத்திடம் சாமான் இருக்கிறது, காரில் கொண்டுபோய் விட வேண்டும் என்றாள். மண்டபத்துக்குள் வந்த குலசேகரம், முன்வரிசைக் கதிரையில் கோட்டோடு இருந்த தன் அக்காவைக் கண்டு அப்படியே வாசலில் நின்றுவிட்டான்.

"அக்கா? நீங்கள் இஞ்ச?"

கனகாம்பிகை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டோரீன் கை தட்டி எல்லோரையும் உட்காரச் சொன்னாள். அஞ்சலீனாவும் இன்னொருத்தியும் குவில்ட்டின் இரண்டு முனைகளைப் பிடித்து விரித்தார்கள். அழகாகத்தான் இருந்தது. மண்டபத்தில் ஒரு ஆவென்ற சத்தம் போயிற்று.

சிவகௌரி எழுந்து நின்றாள். ஆங்கிலத்தில் தொடங்கவில்லை.

"இந்த ஃபிளனல் துண்டுகள் என்ர மகன்ரை. நடுவில இருக்கிறது, நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில கிடக்கேக்க போட்டிருந்த சட்டை. ஓரத்துச் சேலை, அதுக்கு முதல் மூண்டு ராவு நான் அவனைச் சுத்திக்கொண்டு படுத்தது. பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டு அஞ்சலீனா. இந்த மஞ்சள் பூ விரிப்பு, போர்வை கேட்டதுக்கு மச்சாள் எனக்குத் தந்தது. இருக்கிறது இவ்வளவுதான் எண்டு சொல்லித் தந்தது."

அருமைநாயகி அக்கா தேநீர்க் கோப்பையை மடியில் வைத்தாள்.

"உள்ளுக்குப் பஞ்சு இல்லை. ஒரு கம்பளி வைச்சிருக்கு. நீலம், ரோஜாப் பூப் போட்டது. மச்சாள்தான் தந்தவ. அது எங்கேருந்து வந்ததெண்டு நான் சொல்லக்கூடாது, அவ சொல்லட்டும். அந்தத் தை மாதம் இது எங்க இருந்தது மச்சாள்?"

தமிழ் தெரியாதவர்கள் இது ஏதோ உருக்கமான இடம் என்று நினைத்துத் தலையைச் சாய்த்துக்கொண்டார்கள். கனகாம்பிகை குவில்ட்டின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தடிப்பைப் பார்த்தாள். சீலைக் கடையில் துணி பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அலுமாரிக்குள்ள" என்றாள்.

"அண்டைக்கும்?"

"ஓம். அண்டைக்கும் அதுக்குள்ளதான். பாமான்ர சாமானை நான் எப்பிடிப் பிரிக்கிறது?" அவள் குரலில் வெட்கமில்லை, களைப்பு மட்டும் இருந்தது. பிறகு கையை நீட்டி வாசல் பக்கம் காட்டினாள். "என்னையேன் இவ்வளவு சனத்துக்கு முன்னால கேக்கிறாய்? உன்ர மனுஷனைக் கேள். நீ வர முதல், சந்தையில வாங்கின கையோட எல்லாத்தையும் தோளில சுமந்துகொண்டு வந்து அலுமாரிக்குள்ள அடுக்கினது அவன்தானே. அவனுக்குத் தெரியாததே?"

சிவகௌரி திரும்பிப் பார்த்தாள்.

குலசேகரம் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான்.

எந்த அலுமாரி என்று அவன் அன்றைக்குக் கேட்கவில்லை. என்ன கம்பளி என்று கேட்கவில்லை. ஏன் திறந்தாய் என்றுதான் கேட்டான். ஒன்பது வருடமாக அந்த வசனத்தை அவள் எத்தனை ஆயிரம் தடவை திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாள், அதற்குள் இது இருந்தது. அவன் அக்காவை நம்பினான் என்று நினைத்திருந்தாள். நம்புவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

"இஞ்சேருங்கோ" என்றாள், எல்லோருக்கும் கேட்க. "உங்களுக்குத் தெரியுமோ?"

அவன் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினான். "பழைய கதையை ஏன் இப்ப" என்றான், தரையைப் பார்த்து.

டோரீன் கதை முடிந்துவிட்டது என்று எண்ணிக் கை தட்டினாள். மற்ற ஆங்கிலப் பெண்களும் தட்டினார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தமிழ்ப் பெண்களில் அஞ்சலீனா மட்டும்தான் தட்டினாள், அதுவும் குலசேகரத்தைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக. கைதட்டலுக்கு நடுவில் கனகாம்பிகை குவில்ட்டை இழுத்துக் கோட்டுக்கு மேலேயே போர்த்துக்கொண்டு, யாருக்கென்றில்லாமல் சொன்னாள்.

"நல்ல சூடாத்தான் இருக்கு."

சிவகௌரி காரில் ஏறவில்லை. அஞ்சலீனாவோடு பஸ்ஸில் போனாள். மேல்தட்டில் முன் ஆசனத்தில் இருவரும் இருந்தார்கள்.

"சொல்லிப்போட்டாவே" என்றாள் அஞ்சலீனா. "இனி நித்திரை கொள்ளலாம்தானே?"

சிவகௌரி யோசித்தாள். மச்சாள் இருந்த இடத்தைத் தனக்குள் தொட்டுப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை, காலியாக இருந்தது. கனகாம்பிகைக்கு ஒரு நியாயம் இருந்தது, கேவலமானதென்றாலும் ஒரு நியாயம். மகளுக்கென்று வைத்த பொருள். தன் பிள்ளை விறைத்துக் கிடக்க, சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டே ஷிப்டுக்குப் போனவனுக்கு என்ன இருந்தது?

"இல்லை" என்றாள். "ஆள் மாறிப்போச்சு."

அடுத்த புதன்கிழமை அவள் எல்லோருக்கும் முன்னதாகவே மண்டபத்துக்குப் போனாள். பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மேசையில் விரித்தாள். பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலைக்கு அவன் போட்டுப்போகும் சட்டை, பைக்கு மேல் அவன் பெயர் தைத்திருந்தது. அந்தப் பெயர் நடுவில் வருமாறு அளந்து முதல் சதுரத்தை வெட்டினாள்.

"அடுத்ததா?" என்று மகிழ்ந்தாள் டோரீன். "இது யாருக்கு?"

"வீட்டில் ஒருவருக்கு. தை மாதம் கொடுக்க வேண்டும். அவருடைய சொந்தக்காரர் எல்லோரையும் கூப்பிடப் போகிறேன்."

அஞ்சலீனா மூலையிலிருந்து ஒரு கட்டுப் பஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் போட்டாள்.

சிவகௌரி அதைக் காலால் ஒதுக்கிவிட்டு ஊசியில் நூல் கோத்தாள்.

"இதுக்குப் பஞ்சும் வேண்டாம், கம்பளியும் வேண்டாம்" என்றாள்.